ஒரு வாளித் தண்ணீரும் ஓராயிரம் நட்சத்திரமும்!

'பாலைவனத்தில் ஓர் இரவு தங்கப் போகிறோம்' என்று வீட்டில் சொல்லிப் பாருங்கள். பெரியவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "அங்க என்ன இருக்கு பாக்க?" என்பதாகத்தான் இருக்கும். இரண்டாவது கேள்வி, "தண்ணிக்கு என்ன பண்ணுவீங்க?"

முதல் கேள்விக்குப் பதில் சொல்லும் வீடியோக்கள் செல்போனில் கொட்டிக் கிடக்கின்றன. ஒட்டகம், கூடாரம், நெருப்பைச் சுற்றி ஆட்டம் பாட்டம், மணல்மேட்டில் செல்ஃபி. இரண்டாவது கேள்விக்குப் பதில் சொல்கிறவர்கள் குறைவு. அங்கே ஓர் இரவு தங்கினால், அந்த இரண்டாவதுதான் பெரிய கேள்வி என்று விளங்கும். இந்த வாரம் அதைத்தான் பேசப் போகிறோம்.

போன தை மாதம், அமாவாசை கழிந்த மூன்றாம் நாள், குஜராத்தின் கட்ச் மாவட்டத்தில் ஒரு சின்னத் தங்குமிடத்தில் குடும்பத்தோடு தங்கினோம். நான், வீட்டுக்காரர், எட்டாவது படிக்கும் பையன், அத்தை என நான்கு பேர். அத்தை என்றால் என் மாமியார். அறுபது வயதைத் தாண்டியும் இன்றும் தினம் கொஞ்சம் தார் சுற்றாமல் அவருக்குப் பொழுது போகாது.

ஜரிகை வந்த வழியே...

காஞ்சிபுரத்துக்கும் குஜராத்துக்கும் உள்ள தொடர்பு எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். பட்டு நூல் கர்நாடகத்திலிருந்து வரும். ஜரிகை சூரத்திலிருந்து வரும். முசரவாக்கத்தில் பிறந்த குழந்தைக்கு டெல்லி தெரிவதற்கு முன்னால் சூரத் தெரிந்துவிடும். ஆனால், ஜரிகை இங்கே வருகிறதே தவிர, நாம் அங்கே போவதில்லை. அந்தக் குறையைத் தீர்க்கத்தான் இந்தப் பயணம்.

சென்னை சென்ட்ரலில் நவஜீவன் எக்ஸ்பிரஸ் ஏறினால் மறுநாள் சூரத், அதைத் தாண்டி அகமதாபாத். அங்கிருந்து இரவு ரயிலில் பூஜ். 2024 செப்டம்பரிலிருந்து அகமதாபாத்துக்கும் பூஜுக்கும் நடுவே 'நமோ பாரத்' விரைவு ரயிலும் ஓடுகிறது. ரயிலில் சூரத் வந்தபோது அத்தை ஜன்னல் பக்கம் நகர்ந்து உட்கார்ந்து, ஸ்டேஷன் போகும்வரை பார்த்துக்கொண்டே வந்தார். "இந்த ஊருக்கு நாம எவ்ளோ காசு குடுத்திருப்போம்!" என்றார்.

பூஜுக்குப் பக்கத்தில் பூஜோடி என்று ஒரு நெசவாளர் கிராமம். கம்பளிச் சால்வைகளுக்குப் பேர் போனது. தெருவுக்குள் நுழைந்ததும் தறிச் சத்தம். ஒரு வீட்டில் எட்டிப் பார்த்த அத்தைக்கு அப்படி ஒரு சந்தோஷம். "இதுவும் நம்ம குழித்தறிதாம்மா!" பாஷை தெரியாமலே அந்த வீட்டு அம்மாவும் அத்தையும் அரைமணி நேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். பாவு, ஊடை, நாடா எல்லாவற்றையும் கையாலேயே காட்டிக்கொண்டார்கள்.

பூஜிலிருந்து வடக்கே போனால் கடக ரேகை சாலையைக் கடக்கிற இடத்தில் ஒரு பலகை வைத்திருக்கிறார்கள். புவியியல் புத்தகத்தில் பார்த்த கோட்டின் மேல் நிற்கிறோம் என்பதில் பையனுக்குத் தலைகால் புரியவில்லை. அதற்கும் அப்பால் பிரண்டியாரா என்று ஓர் ஊர். எருமைப்பாலில் கிண்டிய மாவா அங்கே பிரபலம். நம் பால்கோவாவுக்கு அண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளை ரண்ணுக்குப் போக அனுமதிச் சீட்டு வேண்டும். எல்லைப் பகுதி என்பதால் அடையாள அட்டை அவசியம்.

நிலமல்ல, பருவம்

பாலைவனம் என்றால் நமக்கு மணல் நினைவுக்கு வருகிறது. கட்ச்சின் ரண் மணல் பாலைவனம் அல்ல, உப்புப் பாலைவனம். மழைக்காலத்தில் கடல் நீரும், ராஜஸ்தானிலிருந்து வரும் லூனி போன்ற ஆறுகளின் நீரும் வந்து பரவி, அந்த இடமே ஏரிபோல ஆகிவிடும். மழை நின்று தண்ணீர் வற்ற வற்ற, உப்பு தங்கும். குளிர்காலத்தில் போனால் கண்ணுக்கு எட்டிய தூரம் வெள்ளைத் தரை. மறு மழைக்கு மறுபடியும் தண்ணீர்.

தமிழ்நாட்டுக்காரர்களுக்கு இது புரியாத விஷயம் அல்ல. நம் முன்னோர்கள் ஐந்திணை வகுத்தபோது பாலைக்கென்று தனி நிலம் கொடுக்கவில்லை. முல்லையும் குறிஞ்சியும் வெயிலில் காய்ந்து வளம் இழக்கும்போது அதுவே பாலையாகிறது என்று சிலப்பதிகாரம் சொல்கிறது. பாலை என்பது நிலமல்ல, நிலத்துக்கு வருகிற ஒரு காலம். பாலாற்றைத் தினம் பார்க்கிற எங்களுக்கு அது இன்னும் நன்றாகத் தெரியும். வருடத்தில் பெரும்பகுதி மணல். ஏதோ ஒரு வருடம் இரு கரையும் தொட்டு வெள்ளம்.

எனவே, பாலைவனத்தில் தங்கப் போகிறவர், தனக்குச் சம்பந்தம் இல்லாத ஏதோ ஒரு தேசத்துக்குப் போவதாக நினைக்க வேண்டாம். நம் ஊருக்கே வரக்கூடிய ஒரு காலத்தை முன்னதாகப் போய்ப் பார்த்து வருகிறோம், அவ்வளவுதான்.

வட்டமான வீடு

நாங்கள் தங்கியது ஹோட்கா பக்கம், உள்ளூர்க்காரர்களே நடத்துகிற இடம். பூஜிலிருந்து அறுபது கிலோமீட்டருக்கு மேல். கடைசிக் கொஞ்ச தூரம் இரண்டு பக்கமும் சீமைக் கருவேலம். "இது இங்கயும் வந்துடுச்சா!" என்று எல்லோரும் ஒரே குரலில் சொன்னோம். பன்னி புல்வெளி என்று பெயர் பெற்ற இந்தப் பகுதியில், உப்பு பரவுவதைத் தடுக்கவென்று 1960-களில் அரசே கொண்டுவந்து விதைத்த மரம் அது. இன்று புல்லைத் தின்றுகொண்டிருக்கிறது. உள்ளூரில் அதற்கு வைத்திருக்கும் பெயர் 'காண்டோ பாவல்'. பைத்தியக்காரக் கருவேலம் என்று அர்த்தம். நாம் கூட அவ்வளவு பொருத்தமாகப் பெயர் வைக்கவில்லை.

தங்கும் அறை 'பூங்கா' என்கிற வட்ட வீடு. பெயரைக் கேட்டு ஊஞ்சல், சறுக்குமரம் எல்லாம் தேடாதீர்கள்! மண்ணால் எழுப்பிய வட்டச் சுவர், மேலே கூம்பு வடிவில் புல் வேய்ந்த கூரை. உள்சுவரில் களிமண்ணால் பூவேலை செய்து, நடுநடுவே சின்னச் சின்னக் கண்ணாடிகளைப் பதித்திருக்கிறார்கள். ஒரு விளக்கு ஏற்றினால் அறை முழுக்க மினுமினுக்கிறது. பகலில் உள்ளே குளுமை, இரவில் கதகதப்பு. ஏ.சி.க்கு அங்கே வேலையில்லை.

அழகுக்காக மட்டும் வட்டமாகக் கட்டவில்லை. கட்ச் பூகம்ப பூமி. 1819 ஜூன் மாதம் வந்த பூகம்பம் தரையையே உயர்த்தி, ரண்ணில் ஒரு நீண்ட மேட்டை உண்டாக்கியது. அதை இன்றும் 'அல்லா பந்த்', அதாவது கடவுள் கட்டிய கரை என்கிறார்கள். 2001 ஜனவரி 26, குடியரசு தினத்தன்று காலையில் வந்த பூகம்பம் நம்மில் பலருக்கு நினைவிருக்கும். 13,000 பேருக்கு மேல் இறந்தார்கள். கான்கிரீட் கட்டடங்கள் சரிந்த அந்த நாளில், இந்த வட்ட மண் வீடுகள் பல நின்றன. மூலை என்று ஒன்று இல்லாததால் அதிர்ச்சி ஒரே இடத்தில் குவியாது, கூரையும் கனமில்லை.

"மண்ணு வீட்டுக்கா இவ்ளோ தூரம் வந்தோம்?" என்று ஆரம்பித்த அத்தை, சுவரைத் தடவிப் பார்த்து, "நல்லாத்தான் மெழுகியிருக்காங்க" என்று சான்றிதழ் கொடுத்துவிட்டார்.

அந்த வாளி

அங்கே ஷவர் இல்லை. சாயந்திரம் ஆளுக்கு ஒரு வாளி வெந்நீர். காலையில் முகம் கழுவ, பல் துலக்க இன்னொரு சின்ன வாளி. அவ்வளவுதான்.

நாள் முழுக்கப் புழுதியில் ஆடிய பையன் தன் வாளியைத் தீர்த்துவிட்டு, இன்னொன்று கேட்டான். அங்கே எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டவர் எழுபது வயதுப் பெரியவர் ஒருவர். வீட்டுக்காரர் அவரை 'சாச்சா' என்று கூப்பிட, அவர் அத்தையை 'மாஜி' என்று கூப்பிட்டார். பையன் கேட்டதும் ஒரு வார்த்தை பேசாமல், சிரித்த முகமாக இரண்டாவது வாளியைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்.

ராத்திரி சாப்பாட்டின்போது வீட்டுக்காரர், ஜரிகை வியாபாரத்தில் பழகிய இந்தியில், "தண்ணி எங்கிருந்து வருது சாச்சா?" என்று கேட்டார். இப்போது குழாயும் லாரியும் வருகின்றன, ஆனால் எல்லா நாளும் வராது என்றார் அவர். அவருடைய அப்பா காலத்தில் எல்லாமே 'விர்டா'தான்.

விர்டா என்றால் என்ன என்று கேட்டு, அவர் சொல்லச் சொல்ல, எங்கள் நான்கு பேருக்கும் சாப்பாடு மறந்துவிட்டது.

பன்னியில் தோண்டினால் உப்புத் தண்ணீர்தான். ஆனால், மழை நீர் தேங்குகிற பள்ளங்களில் நல்ல தண்ணீர் மெல்ல மண்ணுக்குள் இறங்கும். உப்புத் தண்ணீர் கனம். மழைத் தண்ணீர் லேசு. அதனால் உப்புக்கு மேலே நல்ல தண்ணீர் ஏடு படிந்ததுபோல மிதக்கும். மாடு மேய்க்கிற மால்தாரி மக்கள் இதைக் கண்டுபிடித்து, அந்தப் பள்ளத்தில் ஆழமில்லாத கிணறுகளைத் தோண்டினார்கள். சுவர் சரியாமல் இருக்க மரக்கட்டைகளை அடுக்கி, இடுக்கில் புல்லைத் திணித்தார்கள். நிதானமாக இறைத்தால் குடிக்கத் தண்ணீர் கிடைக்கும். பேராசைப்பட்டு ஒரேயடியாக இறைத்தால், அடியில் இருக்கிற உப்பு மேலே வந்துவிடும். பிறகு அந்தக் கிணறு இல்லை. பக்கத்தில் வேறு தோண்ட வேண்டும்.

பாலாற்று மணலில் ஊற்றுத் தோண்டிய நம் பாட்டிமார்களுக்குப் பாதி கதை தெரியும். மீதிக் கதை சென்னையில் கடலோரம் வீடு கட்டியவர்களுக்குத் தெரியும். போர்வெல் போட்டு உறிஞ்ச உறிஞ்ச, ஒரு நாள் குழாயில் உப்புத் தண்ணீர் வரும்.

சாப்பிட்டு முடித்ததும் அத்தை பேரனிடம் மெதுவாகச் சொன்னார். "அவர் குடுத்துட்டார்டா. குடுக்கறவங்க அப்படித்தான் குடுப்பாங்க. கேக்கறவன்தான் யோசிச்சுக் கேக்கணும்."

அந்த இரவின் முழு அர்த்தமும் அதில் அடங்கிவிட்டது. வீடு தேடி வந்த விருந்தாளியிடம் 'இல்லை' என்று சொல்ல அந்த மக்களுக்கு வாய் வராது. தண்ணீர் இல்லாத ஊரில் வழிப்போக்கனுக்குத் தண்ணீர் மறுப்பது உயிரை மறுப்பதற்குச் சமம் என்று பழகி வந்தவர்கள். கொடுக்கிறவர் கணக்குப் பார்க்கமாட்டார் என்றால், கணக்குப் பார்க்க வேண்டியவர் விருந்தாளிதான்.

இருட்டும் எருமையும்

அது கம்பு ரொட்டி, வெண்ணெய், வெல்லம், மோர்க்குழம்பு மாதிரி ஒரு கடி, கிச்சடி, நிறைய மோர் என்று வயிறு நிறைந்த சாப்பாடு. "நம்ம கம்புதான். நாம கூழா குடிக்கிறோம், இவங்க ரொட்டியா தட்டறாங்க" என்றார் அத்தை.

ஒன்பது மணிக்கெல்லாம் விளக்குகளை அணைத்துவிட்டார்கள். அதற்குள் பிறையும் இறங்கிவிட்டது. கயிற்றுக்கட்டிலை வெளியே இழுத்துப் போட்டு, கம்பளியைப் போர்த்திக்கொண்டு படுத்தோம். அப்போது தெரிந்த வானத்தை எப்படிச் சொல்வது? எங்கள் ஊரில் நெடுஞ்சாலை வெளிச்சத்தில் பத்து இருபது நட்சத்திரம் தெரிந்தால் அதிகம். அங்கே கறுப்புப் பட்டில் ஜரிகைப் புட்டா போட்டதுபோல ஓர் இடம் விடாமல் இருந்தன. அத்தை விரலை நீட்டி, "அதோ கார்த்திகை... அதோ திருவாதிரை..." என்று காட்டினார். பையன் செல்போனில் நட்சத்திரம் காட்டும் செயலியைத் திறந்து சரிபார்த்தான். பாட்டி சொன்னது எல்லாம் சரி!

சத்தம் என்று ஒன்றே இல்லை. காதுக்குள் நம் ரத்தம் ஓடுவதே கேட்கும் போலிருக்கிறது. முதலில் கொஞ்சம் பயமாகக்கூட இருக்கும். பழகிவிட்டால், இத்தனை நாள் எவ்வளவு இரைச்சலுக்குள் வாழ்ந்தோம் என்று தெரியும்.

நடுராத்திரி தூரத்தில் மணிச் சத்தம். எழுந்து பார்த்தால் இருட்டுக்குள் இருட்டாக எருமைகள் நகர்ந்து போகின்றன. பன்னி எருமைகள் இரவில்தான் மேயும். பகல் வெயிலுக்குத் தப்பி ராத்திரி முழுக்க மேய்ந்து, காலையில் பால் கறக்க வீடு திரும்பும். 2010-ல் தனி இனமாக அங்கீகாரம் பெற்ற எருமை இது. அந்த நாட்டில் யாரும் அதற்கு வழி காட்டிக் கூட்டிப் போவதில்லை. தானாகப் போய்த் தானாக வரும்.

மறுநாள் வெள்ளை ரண்ணுக்குப் போனோம். சூரியன் இறங்கும்போது அந்த உப்புத் தரை மஞ்சள், ரோஸ், ஊதா என்று நிறம் மாறியது. பாவில் ஒரு நிறம், ஊடையில் ஒரு நிறம் வைத்து நெய்த சேலையை அசைத்தால் தெரியுமே, அந்த மாதிரி. அத்தை குனிந்து ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்து, "உப்புதான்" என்று முடிவாகச் சொன்னார்.

காசு யாருக்குப் போகிறது?

கட்ச்சில் தங்க மூன்று விதமான இடங்கள் உண்டு. டோர்டோ கிராமத்தையொட்டி, ரண் உத்சவ் திருவிழாவுக்காகக் குளிர்கால மாதங்களுக்கு மட்டும் எழும்பும் கூடார நகரம் ஒன்று. தனியார் ரிசார்ட்டுகள் இரண்டாவது. கிராமத்தாரே நடத்தும் இடங்கள் மூன்றாவது. இந்த மூன்றாவது வகைக்குப் பழைய உதாரணம் ஹோட்காவின் 'ஷாம்-ஏ-சர்ஹத்'. எல்லையின் அந்திப்பொழுது என்று பொருள். மத்திய சுற்றுலா அமைச்சகமும் ஐ.நா. வளர்ச்சித் திட்டமும் கைகொடுக்க, கிராமக் குழு ஒன்று நடத்தத் தொடங்கிய இடம் அது.

டோர்டோவும் சாமானிய ஊர் அல்ல. 2023-ல் ஐ.நா. சுற்றுலா அமைப்பு உலகின் சிறந்த சுற்றுலா கிராமங்களில் ஒன்றாக அதைத் தேர்ந்தெடுத்தது. கூட்டம் வருவதால் டிரைவர், சமையல்காரர், எம்பிராய்டரி செய்யும் பெண்கள் என்று பலருக்கும் பிழைப்பு கிடைக்கிறது. எனவே, இது நல்லது, அது கெட்டது என்று ஒரே வரியில் தீர்ப்பு சொல்ல முடியாது. எங்கே தங்கினாலும் நாம் கேட்க வேண்டிய கேள்விகள் ஒன்றுதான்.

கேட்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்குத் தூர தேசத்து உதாரணம் ஒன்று உண்டு. தென் அமெரிக்காவின் பொலிவியாவில் உயுனி என்கிற உப்புவெளி, 10,000 சதுர கிலோமீட்டருக்கும் மேல் பரந்தது. உலகிலேயே பெரியது. 1990-களில் அதன் நட்டநடுவே, உப்புக் கட்டிகளையே செங்கலாக அடுக்கி ஒரு ஹோட்டல் கட்டினார்கள். கட்டில், மேசை எல்லாம் உப்பு. உலகம் முழுக்க ஆட்கள் வந்தார்கள். ஆனால், அவ்வளவு பேரின் கழிவும் எங்கே போகும்? மண்ணும் ஓடையும் இல்லாத இடம். கழிவு சேர்ந்து உப்புவெளியே கெட ஆரம்பித்தது. கடைசியில் 2002-ல் அந்த ஹோட்டலைப் பிரித்தெடுக்க வேண்டியதாயிற்று. பிறகு உப்புவெளியின் ஓரத்தில் வேறு இடத்தில் புதிதாகக் கட்டினார்கள்.

சத்திரம் என்ற சொல்

எங்கள் முசரவாக்கத்துக்குப் பக்கத்து ஊர் பாலுசெட்டி சத்திரம். பெங்களூரு நெடுஞ்சாலையில் பஸ் போகும்போது போர்டு பார்த்திருப்பீர்கள். ஊரின் பெயரிலேயே சத்திரம் இருக்கிறது. தமிழ்நாடு முழுக்க இப்படி எத்தனை ஊர்கள்! கால்நடையாகவும் வண்டி கட்டியும் போன காலத்தில் வழிப்போக்கருக்குப் படுக்க இடமும், ஒரு வேளைச் சோறும், குடிக்கத் தண்ணீரும் கொடுத்த இடங்கள். ராமேஸ்வரம் போகிறவர்களுக்காகத் தஞ்சை மராட்டிய மன்னர்கள் வழிநெடுகக் கட்டினார்கள். இரண்டாம் சரபோஜி காலத்தில் எழுந்த ஒரத்தநாடு முத்தாம்பாள் சத்திரம் இன்றும் நிற்கிறது.

சத்திரத்தில் தங்கினவர்களுக்கும் ஒரு ஒழுங்கு இருந்தது என்று பெரியவர்கள் சொல்வார்கள். இருந்த இடத்தைப் பெருக்கிவிட்டுக் கிளம்ப வேண்டும். கிணற்றடியில் கயிற்றைச் சுருட்டி வைக்க வேண்டும். அடுத்து வருகிறவனுக்கும் அதே கிணறுதானே!

விருந்து வைக்கிற ஊரின் பக்கமிருந்தும் இதைப் பார்த்தவர்கள் காஞ்சிபுரத்துக்காரர்கள். 2019 ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை அத்திவரதர் வைபவம். 40 வருடத்துக்கு ஒருமுறை அனந்தசரஸ் குளத்துத் தண்ணீரிலிருந்து வெளியே வருகிறவரைப் பார்க்க ஒரு கோடிப் பேருக்கு மேல் வந்தார்கள். எங்கள் தெருக்களும் திண்ணைகளும் நிரம்பி வழிந்தன. தெரியாதவர்கள் வந்து கதவைத் தட்டி, "ஒரு சொம்பு தண்ணி குடும்மா" என்று கேட்டபோது யாரும் கணக்குப் பார்க்கவில்லை, கொடுத்தோம். குடித்துவிட்டுச் சொம்பைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போனவர்களும் இருந்தார்கள். பாட்டிலை வாசலிலேயே போட்டுவிட்டுப் போனவர்களும் இருந்தார்கள். இரண்டு பேரையும் ஊர் மறக்கவில்லை.

கட்ச்சில் அந்தப் பெரியவருக்கு நாம் எந்த வகை விருந்தாளி? ஒவ்வொரு பயணத்திலும் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இதுதான்.

நீங்கள் போவதாக இருந்தால்...

* நவம்பர் முதல் பிப்ரவரி வரை போகலாம். அதற்குப் பிறகு வெயில் தாங்காது. மழைக்காலத்தில் ரண்ணில் தண்ணீர் நிற்கும்.

* உப்புத் தரை நிலவில் ஜொலிப்பதைப் பார்க்க ஆசையா? பௌர்ணமியை ஒட்டிப் போங்கள். கூட்டமும் அதிகம் இருக்கும். நட்சத்திரம் பார்க்க ஆசையா? அமாவாசையை ஒட்டிப் போங்கள். இரண்டுக்கும் ஒரே தேதி கிடைக்காது.

* முன்பதிவு செய்யும்போது மூன்று கேள்விகள் கேளுங்கள். தண்ணீர் எங்கிருந்து வருகிறது? கழிவும் குப்பையும் எங்கே போகின்றன? வேலை செய்கிறவர்கள் உள்ளூர்க்காரர்களா? நன்றாக நடத்துகிறவர்கள் சந்தோஷமாகப் பதில் சொல்வார்கள்.

* பகலில் சட்டை போதும். ராத்திரி ஸ்வெட்டர், குல்லா, காலுறை எல்லாம் வேண்டும். பெரியவர்களைக் கூட்டிப் போனால் ஒரு ஃபிளாஸ்க், டார்ச், வழக்கமான மாத்திரைகள் கட்டாயம். பக்கத்தில் பெரிய மருத்துவமனை என்றால் பூஜுக்குத்தான் வர வேண்டும்.

* உப்புத் தரையில் நடந்தால் பாதம் வெடிக்கும். தேங்காய் எண்ணெய் ஒரு சின்ன பாட்டில் போதும், தடவிக்கொண்டு நடங்கள்.

* செல்போன் சிக்னல் வந்து வந்து போகும். அனுமதிச் சீட்டு, முன்பதிவு, அடையாள அட்டை மூன்றையும் தாளில் நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

* சால்வை, எம்பிராய்டரி வாங்கினால் செய்கிறவர் கையிலிருந்தே வாங்குங்கள். அடிமாட்டு விலைக்குப் பேரம் பேசாதீர்கள். தறியில் உட்கார்ந்தவர்களுக்குத்தான் அந்தக் கஷ்டம் தெரியும்.

* அவ்வளவு தூரம் போக முடியாதவர்கள் தனுஷ்கோடிக்குப் போய் வரலாம். 1964 டிசம்பர் புயலில் அழிந்த ஊர்; ஒரு பக்கம் மணல், இரண்டு பக்கம் கடல். அங்கே இரவு தங்க அனுமதி இல்லை. சாயந்திரத்துக்குள் திரும்பிவிட வேண்டும். திருச்செந்தூர் பக்கம் செம்மணல் தேரிக்காடும் பார்க்க வேண்டிய இடம். அங்கேயும் கையில் தண்ணீர் எடுத்துப் போங்கள். காலி பாட்டிலைத் திரும்பக் கொண்டுவாருங்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது ஒன்று உண்டு. பாலைவன விடுதியில் ஓர் இரவுக்கு நாம் கொடுக்கிற பணம் கட்டிலுக்கும் சாப்பாட்டுக்கும் சரியாகப் போய்விடும். அந்த ஒரு வாளித் தண்ணீருக்கு விலை கிடையாது. அது அவர்கள் வீட்டுப் பங்கிலிருந்து நமக்கு வந்தது. இன்னொரு வாளி கேட்டாலும் சிரித்துக்கொண்டே கொடுப்பார்கள்.

அதனால்தான், கேட்பதற்கு முன் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.